ஆறு திரும்பும் நேரம்

காரை நிறுத்தச் சொன்னது அவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு அந்தக் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொன்ன அத்தனை பேரும், ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னது அவள்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். உண்மையில் நிறுத்தச் சொன்னது காரில் இருந்த சூடு காட்டும் முள். பெரிய பாலத்துக்கு ஏறும் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனபோது அது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அவள் கணவன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கமாக இறங்கிய மண் பாதையில் வண்டியை விட்டு, ஒரு மரத்தடியில் நிறுத்தி, பானட்டைத் திறந்தான். குபுகுபுவென்று ஆவி வந்தது. அரை மணி நேரம் ஆறினால்தான் ரேடியேட்டர் மூடியைத் தொட முடியும் என்றான்.

மணி ஒன்பது பத்து.

அவள் ஒரு நகரத்துக் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே நான்கு மோட்டார்கள், சுவரில் அதே பதினோரு மீட்டர்கள். தெருவில் குழாய் வறண்டால் எல்லாரும் நேராக அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவளுக்குத் 'தண்ணியம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைத்தெருவில் மட்டும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள் என்று அவள் கணவன் கையெடுத்துக் கும்பிடுவான். அவன் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை, டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. யார் பேசினாலும் அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் வாயைப் பார்த்துவிடுவான். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது அவனுடைய அம்மா, அதாவது அவளுடைய மாமியார். முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளுக்கு வேண்டிய பேச்சை வேலையிலேயே பேசி முடித்துவிட்டவர்போல வீட்டில் மிகக் கொஞ்சமாகத்தான் பேசுவார்.

போய்க்கொண்டிருந்தது பெரியக்கா வீட்டுக்கு. கணவனின் மூத்த சகோதரிக்கு அந்தக் குடும்பத்தில் வயது வித்தியாசம் பாராமல் எல்லாருக்கும் பெரியக்கா என்றே பெயர். பெற்ற அம்மாவே சில நேரம் அப்படித்தான் சொல்வார். வெளிநாட்டில் இருந்த கடைசித் தம்பி ஒரு வாரத்துக்கு வந்திருந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஐந்து பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். பன்னிரண்டரைக்குப் போட்டோ எடுக்க ஆள் வருகிறார், மூன்று மணிக்குத் தம்பிக்கு ரயில், ஆகவே பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் வந்து சேர வேண்டும் என்று பெரியக்கா மூன்று வாரத்துக்கு முன்பே உத்தரவு போட்டாகிவிட்டது. ஆற்றங்கரையிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு மணி நேரம். அரை மணி போனாலும் நேரம் சரியாக இருக்கும் என்று கணவன் கணக்குப் போட்டான்.

அவள் இறங்கி ஆற்றைப் பார்க்கப் போனாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்தப் பாலத்தை அவள் இருபது தடவையாவது கடந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம், கைப்பிடிக் கம்பிகள் விசிறிபோல ஓட, இடுக்கில் பளபளவென்று ஏதோ தெரியும், அவ்வளவுதான். இப்போது பக்கத்தில் நின்று பார்த்தபோது அதன் அகலம் முழுசாகத் தெரிந்தது. எதிர்க்கரை ஒரு பென்சில் கோடு மாதிரி இருந்தது. அதில் நடப்பது மனிதர்களா மரங்களா என்று தெரியவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் சத்தமே இல்லாமல், ஆனால் ஒரு அவசரத்தோடு, இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. தன் நான்கு மோட்டார்களையும் இரவு பகலாக ஓட்டினால் இதில் ஒரு வாளியாவது குறையுமா?

கரையில் ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம் போக அதில் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. அறைக்கு முன்னால் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. படியோரம் வரிசையாக வெள்ளைப் பலகைகளில் கறுப்பு எண்கள் எழுதி நட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து, பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில், கழுத்தில் கயிற்றில் கட்டிய மூக்குக் கண்ணாடி. ஆற்றின் மட்டத்தை மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுவதுதான் தன் வேலை என்றார். தண்ணீர் வேலை செய்கிற இன்னொரு ஆளைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம். தானும் தண்ணீர்தான் என்று சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள்.

பேச்சு வாக்கில் அந்த அளவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நாற்பது நிமிஷத்தில் ஆறு திரும்பிவிடும் என்றார்.

எங்கே திரும்பும் என்று கேட்டாள். அவர் பென்சிலால் இடது பக்கம், தண்ணீர் வந்துகொண்டிருந்த திசையைக் காட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள். மரியாதை இல்லாமல் சிரித்துவிட்டோமே என்று உடனே வருத்தப்படவும் செய்தாள். ஆனால் அவள் நிலைமையையும் யோசிக்க வேண்டும். தண்ணீர் பின்னால் போவது என்பது அவள் உலகத்தில் விபத்து. கரண்ட் போனால் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு குழாயிலும் ஒரு வழி வால்வு உண்டு. அது மூடிக்கொள்ளும்போது நிலையமே அதிர்கிற மாதிரி 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாங்கிய சம்பளம் தண்ணீரைப் பின்னால் போகவிடாமல் இருப்பதற்குத்தான்.

"மோட்டார் இல்லாம தண்ணி மேலே போகாதுங்க" என்றாள்.

"கடல்தான் மோட்டார்" என்றார் அவர். "அறுபது கிலோமீட்டர் அந்தாண்ட இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓடுது. நம்பலைன்னா நாற்பது நிமிஷம் இருந்து பாத்துட்டுப் போங்க."

அலை ஏற்றம் ஆற்றுக்குள் வரும் என்று அவளும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். பரீட்சை எழுதி மார்க் வாங்கியும் இருக்கிறாள். ஆனால் இவ்வளவு பெரிய ஒன்று, இவ்வளவு வேகமாகப் போகிற ஒன்று, நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பும் என்பதை மனசு ஏற்க மறுத்தது. அதைவிட இன்னொன்று அவளைக் குடைந்தது. வந்தபோது மூன்றாவது பலகையில் ஆறு என்ற எண்ணின் காலடியில் இருந்த தண்ணீர், இப்போது அதன் வயிற்றுக்கு வந்துவிட்டிருந்தது. மட்டம் ஏறுகிறது. ஆனால் ஓட்டம் இன்னும் கடல் பக்கம்தான் போகிறது. போகிற தண்ணீர் எப்படி ஏறும்?

அதைக் கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே பிடிபட்டுவிட்டது. வெளியே போகும் குழாயில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் பின்னால் அழுத்த மீட்டரின் முள் ஏறும். கடல் அங்கே ஒரு வால்வை மூடிக்கொண்டிருக்கிறது. இதை அவள் அளவுக்காரரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பெரிய படிப்புப் படித்து வந்தவர்களுக்கே இதை விளக்க, பேருந்து, கூட்டம், வாசல்படி என்று ஏதேதோ உதாரணம் சொல்ல வேண்டியிருந்தது என்றார்.

இதற்குள் கார் ஆறிவிட்டது. கணவன் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மணி ஒன்பதே முக்கால். கிளம்பலாமா என்றான்.

அவள் பத்து நிமிஷம் கேட்டாள். ஆறு திரும்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். அவன் அளவுக்காரரின் வாயைப் பார்த்தான். மேல் வரிசையில் இரண்டு பல் கட்டியிருந்தது, நல்ல வேலைப்பாடு. அதனால் அந்த மனிதர் மேல் அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். சரி, பத்தே நிமிஷம் என்றான்.

பத்து மணி ஆயிற்று. ஆறு தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

பெரியக்காவிடமிருந்து போன் வந்தது. கணவன் கொஞ்ச தூரம் தள்ளிப் போய்ப் பேசினான். ஆனால் பெரியக்காவின் குரலுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. எங்கே இருக்கிறீர்கள், ஏன் இன்னும் பாலம் தாண்டவில்லை, வண்டி சரியாகிவிட்டது என்றால் அப்புறம் என்ன என்பதெல்லாம் படிவரை கேட்டது. ஆறு திரும்புவதற்காக நிற்கிறோம் என்று எந்த மனிதனால் போனில் சொல்ல முடியும்? எஞ்சின் இன்னும் கொஞ்சம் ஆறணும் என்று அவன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

அளவுக்காரருக்கும் சங்கடமாகிவிட்டது. மேலே எங்கோ நல்ல மழை பெய்திருக்க வேண்டும், வரத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் கடலுக்கு நேரம் பிடிக்கிறது, இன்னும் கால் மணி, மிஞ்சிப்போனால் இருபது நிமிஷம் என்றார். தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு தாமதமானதுபோலச் சொன்னார்.

"போதும், வா" என்றான் கணவன். "அக்கா தொலைச்சுடுவாங்க. வர்றப்ப பாத்துக்கலாம்."

வரும்போது இருட்டிவிடும், அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். பதினெட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் தாமதம் என்றாலே அவள் பெயர்தான் அடிபடும். நைட் ஷிப்ட் முடித்து வந்து கல்யாணங்களுக்குக் கிளம்பியவள் வேறு எப்போது போய்ச் சேர்வாள்? இந்த ஒரு தடவையாவது நேரத்துக்குப் போக வேண்டும் என்று மூன்று நாள் முன்பே லீவு போட்டு, துணிமணிகளை எடுத்து வைத்து, காலை ஆறு மணிக்கே எல்லாரையும் கிளப்பியதும் அவள்தான். அவள் படியேறினாள்.

மாமியார் காரில் இல்லை. எப்போது இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. அளவுக்காரரின் அறையில் இருந்த ஒரே நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கிளம்பலாம்" என்றான் மகன்.

"நான் பாத்துட்டுத்தான் வருவேன்" என்றார் மாமியார்.

அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். போட்டோவுக்கு ஆள் வருவதையும், தம்பியின் ரயிலையும், எல்லாரும் பட்டினியாகக் காத்திருப்பார்கள் என்பதையும் சொன்னான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். லைனில் இருப்பவரை இடைமறிக்காமல் கேட்டுப் பழகிய பழக்கம்.

"ஐம்பது வருஷமா இந்த ஆத்தைத் தாண்டிக்கிட்டே இருக்கேன்" என்றார் பிறகு. "ஜன்னல் சீட்டு எப்பவும் உங்க யாருக்காவது குடுத்துடுவேன். மடியில ஒண்ணு இருக்கும், அது வாந்தி எடுக்கும். ஒரு தடவைகூட இதை நான் சரியாப் பாத்ததில்லை. இது திரும்பும்னு இவர் சொல்றார். திரும்பட்டும், பாத்துட்டு வர்றேன்."

கணவன் போய்க் காரின் மேல் சாய்ந்துகொண்டான். அவள் மாமியாருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மாமியாரோடு அப்படிச் சும்மா உட்கார்ந்து எதையாவது பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தாள். டிவியைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு அது நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி முதலில் ஒன்றும் இல்லை. கரையோரம் மிதந்து வந்துகொண்டிருந்த இலைதழைகளின் வேகம் குறைந்தது. ஒரு செருப்பு வந்தது, தயங்கியது, படிக்கு நேராக வந்து நின்றுவிட்டது. தண்ணீரின் மேல் இருந்த சுருக்கமெல்லாம் போய், இஸ்திரி போட்டதுபோல வழவழவென்று ஆகிவிட்டது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஒரு மெல்லிய இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. பாலத்தின் மேல் போகும் லாரிகளின் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்ததுபோல இருந்தது.

செருப்பு மெதுவாகத் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இடது பக்கம் நகர ஆரம்பித்தது.

"நடு ஆத்தைப் பாருங்க" என்றார் அளவுக்காரர். அங்கே ஒரு பெரிய கட்டை இன்னும் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு திசை, நடுவில் வேறொரு திசை. ஒரே ஆறு இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று தாண்டிப் போனது. கரைப் பக்கம் ஆழம் குறைவு, வேகமும் குறைவு, அதனால் முதலில் கரைதான் கடலின் பேச்சைக் கேட்கும், நடு ஆறு கடைசியில்தான் கேட்கும் என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் கட்டையும் நின்றது. தூரத்தில் நங்கூரமிட்டிருந்த மணல் படகுகள் ஒவ்வொன்றாக, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, மூக்கைத் திருப்பிக்கொண்டன. பிறகு அத்தனை அகலமும், பழுப்பு நிறமாக, சத்தமில்லாமல், வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தது.

'தொம்' என்ற சத்தத்துக்கு அவள் காது காத்துக்கொண்டே இருந்தது. அது வரவே இல்லை.

கணவன் எப்போது பின்னால் வந்து நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை. "அடேயப்பா" என்று மட்டும் சொன்னான்.

அப்போதே கிளம்பியிருந்தால் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், போட்டோவுக்கும் மூச்சிரைக்க நின்றிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அளவுக்காரர் பதிவேட்டில் திரும்பிய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். தேதி, மணி, மட்டம், திசை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'உப்பு'.

அது என்ன என்று கேட்டாள். கடல் தள்ளும்போது உப்புத் தண்ணீரும் கொஞ்சம் மேலே ஏறி வரும், கனம் அதிகம் என்பதால் அடியோடு அடியாக வரும், ஒரு பாட்டிலைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி எடுத்து மீட்டரில் பார்த்து எழுதுவேன் என்றார். கோடையில் வரத்துக் குறைந்தால் உப்பு அதிகம், அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாள் ரொம்ப அதிகம் என்றார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக, கோடை மாதங்களில் சில நாட்கள் அவள் நிலையத்துத் தண்ணீர் கரித்தது. எல்லா நாளும் இல்லை, சில நாள் மட்டும். தெருக்காரர்கள் வந்து சொன்னார்கள். அவளே குடித்துப் பார்த்தாள், கரித்தது. மேலதிகாரியான இளம் இன்ஜினியரிடம் சொன்னாள். உப்புக் காட்டும் மீட்டர் பழசு, தப்பாகக் காட்டும் என்றார் அவர். மறுபடி சொன்னபோது, உங்க நாக்குல ஏதாவது கோளாறா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சிரித்தார். அன்றிலிருந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. கரித்த நாட்களின் தேதியை மட்டும் ஒரு குட்டி நோட்டில் குறித்து வைத்தாள். ஏன் குறிக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. அந்த நோட்டு கைப்பையில் இருந்தது.

உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அளவுக்காரர் கேட்டார். பெரிய கால்வாயிலிருந்து என்றாள். அந்தக் கால்வாயின் மதகு இங்கிருந்து நான்கு கிலோமீட்டர் கீழே, இதே கரையில்தான் இருக்கிறது என்றார் அவர். பதினெட்டு வருஷமாகத் தாண்டிப் போன ஆற்றைத்தான் இருபத்திரண்டு வருஷமாகக் குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பார்த்ததெல்லாம் நிலையத்துக்குள் வரும் குழாயின் வாயைத்தானே.

இருவரும் பதிவேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவள் வாசித்தாள்: மார்ச் ஐந்து, மார்ச் இருபது, ஏப்ரல் மூன்று, ஏப்ரல் பதினெட்டு. அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்த நாட்களில் உப்பு அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. இன்ஜினியரின் சிரிப்பு காதில் கேட்டது. மாமியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதிகமான நாள் எது, அதைச் சொல்லுங்கள் என்றார். அளவுக்காரர் தேடி வாசித்தார்: மார்ச் இரண்டு, மார்ச் பதினேழு, மார்ச் முப்பத்தொன்று, ஏப்ரல் பதினைந்து.

"மூணு நாள்" என்றார் மாமியார். "எல்லாத்துக்கும் மூணு நாள்."

கால்வாயில் ஒரு நாள். தெளிய வைக்கும் தொட்டியில் ஒன்றரை நாள். வடிகட்டியில் அரை நாள். அவள் விரல் விட்டு எண்ணினாள். மூன்று நாள். மறுபடி எண்ணினாள். பிறகு போன வருஷத்துத் தேதிகளை எடுத்தாள். அதிலும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தின. பொருந்தாத அந்த ஒரு நாளைக்குக் காரணம் என்ன என்று அவளும் அளவுக்காரரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கணவன் கார் ஹாரனை அடித்தான். மணி பதினொன்று பத்து.

பெரியக்கா வீட்டுக்குள் அவர்கள் நுழைந்தபோது ஒன்றேகால். போட்டோக்காரர் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பெற்ற அம்மா இல்லாமல் போட்டோ எடுப்பதாவது என்று பெரியக்கா ஒற்றைக் காலில் நின்றிருந்தார். முப்பது பேர் பட்டும் பவுடருமாக வியர்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

பெரியக்கா அவள் கணவனிடம் ஆரம்பித்தார், ஆனால் கண் அவள் மேல்தான் இருந்தது. மாமியார் வாசலிலேயே குறுக்கிட்டு, நான்தான் இருக்கச் சொன்னேன் என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவளே சொன்னாள். வண்டி சரியாகிவிட்டதையும், ஆறு திரும்புவதைப் பார்க்க நின்றதையும், உப்பையும் தேதிகளையும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசித் தம்பி காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். நடு ஆறும் கரையும் எதிரெதிராகப் போனதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

பெரியக்கா முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அது தினமும் திரும்புமா?"

"தினமும் ரெண்டு தடவை, அண்ணி."

"அப்ப இன்னிக்குத்தான் பாக்கணும்னு என்ன வந்தது?"

மன்னிச்சுக்குங்க அண்ணி என்றாள், மனசாரத்தான் சொன்னாள். பெரியக்கா, சரி, முதல்ல சாப்பிடுங்க என்று திரும்பிப் போனார். தம்பி கிளம்புவதற்கு முன் யாரோ செல்போனில் ஒரு படம் எடுத்தார்கள். அதில் நான்கு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். பெரியக்கா, பிள்ளைகளை ஒழுங்காக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டு, திறந்த வாயோடு இருந்தார். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிற மாதிரி இருக்கிறது, காட்டச் சொல்ல வேண்டும் என்று கணவன் ஊர் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை அவள் நோட்டையும், அளவுக்காரர் எழுதிக் கொடுத்த தாளையும் இன்ஜினியரின் மேஜையில் வைத்தாள். அவர் சிரிக்கத் தயாரான முகத்தோடு தாளைக் கையில் எடுத்தார். பாதியில் சிரிப்பு காணாமல் போனது. ஆற்றை அளக்கும் அலுவலகத்துக்கும் குடிநீர் அலுவலகத்துக்கும் இடையே ஒரு தெருதான் தூரம். ஆனால் இந்தப் பதிவேடு ஒரு நாளும் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை. இன்ஜினியர் மறுநாளே அங்கே போனார். அவரைப் பற்றி அவ்வளவு நல்லதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கோடையில், கடல் ஓங்கி வரும் நாட்களில் மதகை நான்கு நான்கு மணி நேரம் மூடி வைக்க உத்தரவு வந்தது. தண்ணீர் கரிக்கிறது என்று அந்த வருஷம் இரண்டே பேர்தான் வந்து கதவைத் தட்டினார்கள். உத்தரவில் 'ஆய்வின் அடிப்படையில்' என்று போட்டிருந்தது, யாருடைய ஆய்வு என்று போடவில்லை. கணவனுக்கு அதில் கோபம். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பொருந்தாமல் நின்ற அந்த ஒரு தேதிதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அளவுக்காரருக்கு அவ்வப்போது போன் செய்வாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, மறுநாள் அதைத் தாங்களே தள்ளுபடி செய்வார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு வார நாளில், அவளுக்கு ஓய்வு நாள், மாமியார் காலை ஏழு மணிக்கே புறப்பட்டுத் தயாராக நின்றார். எந்த விசேஷமும் இல்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. இருவரும் பஸ் பிடித்துப் பாலத்துக்கு முன்னால் இறங்கி, படியில் உட்கார்ந்தார்கள். ஆறு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மாமியார் அளவுக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இங்கே ஒரு கட்டையைப் போட்டால் ஆறு மணி நேரம் கீழே போகும், அப்புறம் திரும்பி மேலே வரும், மறுபடி கீழே போகும். அப்படியானால் அது கடலுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

இருபத்தாறு வருஷமாக இந்த ஆற்றை எழுதுகிறேன், இதை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை என்றார் அவர். கீழே இருபது கிலோமீட்டரில் இன்னொரு அளவு அறை இருக்கிறது, அங்கே இருப்பவர் நண்பர்தான், அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று யோசனை சொன்னார். மூவரும் கரையோரம் தேடி, முழங்கை நீளத்தில் ஒரு மரத்துண்டைக் கண்டுபிடித்தார்கள். பலகைக்கு எண் எழுதும் கறுப்புப் பெயிண்ட் அறையில் இருந்தது. அதைத் தொட்டு மரத்துண்டின் இரண்டு பக்கமும் பட்டையாகப் பூசி, காய வைத்து, மாமியார் கையாலேயே வீசச் செய்தார்கள். அது நடுவுக்கு நகர்ந்து, ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் நிழலுக்குள் போனது.

அளவுக்காரர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பன்னிரண்டு இருபது என்று நேரத்தை எழுதிவிட்டு, நண்பருக்குப் போன் போட்டார்.